களிமண்ணில் இரும்பு எத்தனை சதவீதம்?

செங்கல்லைச் சிவக்க வைப்பது களிமண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு. வெள்ளைப் பீங்கானுக்கு எடுத்த கயோலின் என்ற வெண்களிமண்ணில் அது ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருந்தாலே வெண்மை கெட்டுவிடும். சீனாவின் லுங்சுவான் சூளைகளிலோ, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் இருந்த சிறிதளவு இரும்புதான் செலடான் பாத்திரங்களுக்குப் பச்சை நிறம் தந்தது. ஆகவே நிறத்தைப் பார்த்து இரும்பின் அளவைச் சொல்ல முடியாது. அளந்தே ஆகவேண்டும்.

உலர்த்திய மண்ணில் 1 கிராம் எடுத்துக்கொள்வோம். சிலிக்கேட்டுக்குள் சிக்கிய இரும்பு சாதாரண அமிலத்துக்கு முழுதாக வெளியே வராது. பிளாட்டினக் கிண்ணத்தில் ஹைட்ரோஃபுளோரிக், கந்தக அமிலங்களை ஊற்றிச் சூடாக்கினால் சிலிக்கா ஆவியாகிப் போகும். ஹைட்ரோஃபுளோரிக், தோல் வழியே எலும்புவரை இறங்கும் அமிலம். புகைபோக்கி அறைக்கு வெளியே திறக்கவே கூடாது.

எஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் மஞ்சள் கரைசல் கிடைக்கும். அதில் இருப்பது மூன்று மின்சுமை கொண்ட ஃபெர்ரிக் இரும்பு. சூடாக இருக்கும்போதே ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு இரும்பு அயனியும் ஓர் எலக்ட்ரானை வாங்கி ஃபெர்ரஸ் ஆகிறது, மஞ்சள் மறைகிறது. அதற்கு மேல் ஓரிரு சொட்டுகள்தான் விடலாம். ஆறவைத்து மெர்க்குரிக் குளோரைடைச் சேர்த்தால், மிஞ்சிய வெள்ளீயம் அடங்கி, பட்டுப்போல மினுங்கும் வெள்ளை வீழ்படிவு மெல்லிதாகத் தோன்றும். சாம்பல் நிறமாக வந்தால் பாதரசமே பிரிந்துவிட்டது என்று பொருள். கீழே கொட்டாமல் பாதரசக் கழிவில் சேர்த்துவிட்டு, புது மண் எடுத்துத் தொடங்க வேண்டியதுதான். என் கணக்கில் முடிவின் தரம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. பாதரசத்தின் நச்சைத் தவிர்க்க இன்று பலர் டைட்டானியம் குளோரைடுக்கு மாறிவிட்டது நல்ல விஷயம்.

பிறகு கந்தக, பாஸ்பாரிக் அமிலங்களும் டைஃபினைல்அமீன் சல்ஃபோனேட் நிறங்காட்டியும் சேர்த்து, அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் டைகுரோமேட்டை இறக்குகிறோம். கரைசல் பச்சையாகிக்கொண்டே வந்து, ஒரே சொட்டில் ஊதாவாகத் திரும்பும். ஒரு டைகுரோமேட் அயனி ஆறு இரும்பிடமிருந்து ஆறு எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. அதன்படி 0.1 நார்மல் செறிவுள்ள கரைசலில் 1 மி.லி. என்பது 7.985 மி.கி. ஃபெர்ரிக் ஆக்சைடுக்குச் சமம். 1 கிராம் செம்மண்ணுக்கு 10 மி.லி. செலவானால் ஏறக்குறைய 8 சதவீதம். அரை சதவீத ஃபெர்ரிக் ஆக்சைடு உள்ள கயோலினுக்கு இதே கரைசல் 0.6 மி.லி.தான் இறங்கும், ஒரு சொட்டுப் பிசகினால் விடையே மாறிவிடும். அதற்கு 0.01 நார்மல் வேண்டும்.

இப்படிக் கிடைப்பது மொத்த இரும்பு, ஆக்சைடாகக் கணக்கிட்ட அளவு. ஆக்சிஜன் குறைந்த சூளையில் வெந்த பாத்திரத்தில் ஃபெர்ரஸ் இரும்பும் கலந்திருக்கும். காற்றுப் படாமல் கரைத்து, வெள்ளீயப் படியை விட்டுவிட்டு நேரே டைகுரோமேட்டை இறக்கி அளந்தால் அது மட்டும் தனியே தெரியும். மொத்தத்தில் அதைக் கழித்தால் மீதி ஃபெர்ரிக்.