போஜோலேயைப் பூட்டி வைக்காதீர்கள்

மகன் பிறந்த வருடம் வாங்கி, அவனுடைய 18ஆவது பிறந்தநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த போஜோலே வில்லாஜ் என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைப் போன வாரம் ஒருவர் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது திறந்திருக்கிறார். நிறம் பழுப்பு, வாசனை வதங்கிய ஆப்பிள், வாயில் வைத்தால் வெறும் புளிப்பு. "இதைச் செய்து விற்ற தோட்டக் குடும்பம் என்னை ஏமாற்றிவிட்டது" என்கிறார். அந்தக் குடும்பம் நல்ல ஒயினைத்தான் கொடுத்தது, அதைக் குடிக்க வேண்டிய காலத்தில் இவர் குடிக்கவில்லை, அவ்வளவுதான். பிரான்சின் லியோன் நகரில் ஒயின் விற்கும் எனக்கு இந்த மாதிரி பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

"ஒயின் பழசாக ஆக நன்றாகும்." இந்த ஒரு நினைப்பு வீணாக்கிய பாட்டில்களுக்குக் கணக்கே இல்லை. தயவுசெய்து கேளுங்கள்: உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வருடக்கணக்கில் தாங்க வேண்டுமானால் ஒயினுக்குள் துவர்ப்போ, புளிப்போ, இனிப்போ நிறைய இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். பேர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவின் பெயர் லேபிளில் இருந்தாலே 20 வருடம் தாங்கும் என்பதும் தவறு, சாதாரண போர்தோவுக்கும் சில வருட ஆயுள்தான். சீக்கிரம் குடிக்கச் செய்த ஒயின் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருப்பதால் தரம் உயராது. இருக்கிற பழ வாசனை போகும், அதற்குப் பதிலாக எதுவும் வராது.

லியோனுக்கு வடக்கே போஜோலே மேடுகளில், தாத்தா காலத்திலிருந்து கமே திராட்சை வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. குலை உடையக் கூடாது என்பதால் அங்கே பெரும்பாலும் கையால்தான் அறுவடை. முழுக் குலைகளை அப்படியே சிமெண்ட் தொட்டியில் போடுவார்கள், பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைவாக இறங்கும், செர்ரி, ராஸ்பெரி மாதிரியான பழ வாசனை தூக்கலாக நிற்கும். அடுத்த வசந்தத்தில் பாட்டிலில் அடைத்து விற்பார்கள். முதல் வாயிலேயே யாருக்கும் பிடித்துப்போகும் ஒயின் இது. இதைப் பூட்டி வைப்பது, அன்று பூத்த மல்லிகையை அடுத்த மாதக் கல்யாணத்துக்கென்று டப்பாவில் போட்டு வைப்பதுதான்.

விலை குறைவு என்பதால் விருந்தாளிக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. கமேக்கு இந்த அவமானம் புதிதல்ல, 1395இலேயே பர்கண்டி பிரபு ஃபிலிப் தன் நாட்டிலிருந்து இந்தக் கொடியைப் பிடுங்கி எறியச் சொன்னவர். ஆனால் போஜோலேயின் வடக்குப் பகுதி கிரானைட் மண்ணில் அதே கமே எவ்வளவு அழகாக வருகிறது என்பதை அங்கே விளையும் ஒரு நல்ல ஃப்ளூரி ஒயினைக் குடித்துப் பார்த்தால் தெரியும். காரச் சாப்பாட்டுக்கும் துவர்ப்பு குறைந்த, லேசாகக் குளிர்ந்த இந்த வகைதான் ஒத்துப்போகும், அழுத்தமான சிவப்பு ஒயின் காரத்தை இன்னும் கிளப்பிவிடும்.

சரி, எவ்வளவு நாள் வைக்கலாம்? அந்த வருட அறுவடையிலேயே செய்து நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வரும் புது ஒயினான நூவோ என்றால் சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சாதாரண போஜோலே, வில்லாஜ் என்றால் இரண்டு மூன்று வருடம். மூலான் அ வான், மோர்கோன் போன்ற போஜோலே இடப்பெயர் போட்டவை, நல்ல வருடத்தில் பத்து வருடம்கூடத் தாங்கும், அதுவும் குளிர்ந்த நிலவறை இருந்தால். பிள்ளை பிறந்த வருடத்து பாட்டில்தான் வேண்டுமென்றால் இனிப்பு ஒயின்களான சோத்தேர்னோ பன்யூல்ஸோ வாங்குங்கள். எதுவானாலும் வாங்கும்போதே "எப்போது குடிக்கலாம்?" என்று கேட்டு பாட்டிலிலேயே எழுதி வையுங்கள். தோட்டத்துக்காரர்கள் இதில் பொய் சொல்வதில்லை.

ஃபிரிட்ஜுக்கு மேலே, அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொல்வது! கார்க் போட்டதைப் படுக்கவைத்து, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஹீட்டர் இல்லாத பழைய வீடுகளின் பேச்சு. போஜோலேக்கு 12 முதல் 14 டிகிரி போதும், அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் வந்துவிடும். திறந்த பாட்டிலைத் திரும்ப மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். அடியில் மின்னும் துகள்களைப் பார்த்துக் கண்ணாடித் தூள் என்று பயப்பட வேண்டாம், அது திராட்சையிலேயே இருக்கும் உப்பு, கெடுதல் இல்லை. ஈர அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது கார்க் கெட்டது. கீழே ஊற்றிவிடாமல் பாட்டிலோடு கடைக்கே வாருங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவோம்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் கர்ப்பிணிப் பெண் படம் அலங்காரத்துக்கு இல்லை. அப்புறம், தோட்டம் தோட்டமாகக் காரில் போய் ருசி பார்ப்பவர்களே, பிரான்சில் ஓட்டுநருக்கு வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2 தான். துப்புவதற்கென்றே அங்கே வாளி வைத்திருப்பார்கள். துப்பினால் அந்தக் குடும்பம் வருத்தப்படுமோ என்று கூச்சப்படாதீர்கள், அவர்களே துப்பித்தான் ருசி பார்ப்பார்கள்.