கன்வெர்ட்டரை மாற்றும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைப் போட்டால் பி0420 என்ற பிழைக் குறியீடு, அதாவது கோடு, வருகிறது. உடனே, புகையைச் சுத்தம் செய்யச் சைலன்சர் குழாயில் இருக்கும் டப்பாவைக் காட்டி, "கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பெரிய செலவு. அந்த கோடு சொல்வதெல்லாம் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதை மட்டும்தான். ஏன் செய்யவில்லை என்பதை நாம்தான் தேடவேண்டும். என் பட்டறை அனுபவத்தில், கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். முன்னால் இருக்கும் என்ஜின்தான் அதைக் கொல்கிறது.

உள்ளே இருப்பது பீங்கானால் ஆன, நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். சுமார் 300 டிகிரி சூடு ஏறியதும், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் அது எரித்துவிடும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பிரித்துவிடும். நான் இங்கே பேசுவது பெட்ரோல், சிஎன்ஜி பிக்கப்புகளைப் பற்றி. டீசல் வண்டியில் வடிகட்டியும் சேர்ந்து வருவதால் சோதனை முறையே வேறு.

ஏற்காட்டுக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப்போய், சீசனில் காப்பி மூட்டையோடு இறங்கும் ஒரு பெட்ரோல்-சிஎன்ஜி பிக்கப் வந்தது. "ஊருக்குள்ள நல்லா ஓடுதுங்கண்ணா, அடிவாரம் தாண்டி ரெண்டு வளைவு ஏறினா இழுக்கவே மாட்டேங்குது" என்றார் டிரைவர். வேறொரு இடத்தில் கன்வெர்ட்டரைப் புதிதாக மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. மறுபடி அதே கோடு, அதே தொல்லை.

முதலில் கன்வெர்ட்டருக்கு முன்னால் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டினேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்குள் நின்றது. ஆக்ஸிலரேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது முள் மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. புகை வெளியேற வழியில்லை என்று அர்த்தம். அதே துளையில் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால், சல்லடை மாதிரி இருக்கவேண்டிய முகப்பு நடுவில் உருகி, கண்ணாடிக் கட்டியாய் மினுமினுத்தது.

அப்புறம் சிலிண்டரில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று நன்றாக இருந்தன. நான்காவதின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் ஒரு கருப்புத் தடம். தீப்பொறி இடைவெளியில் பாயாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக ஓடிய தடம் அது. முனையும் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தது. சிஎன்ஜியைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். சமவெளியில் சமாளித்த காயிலும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) பிளக்கும், லோடோடு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது தோற்றுவிடும். அந்த சிலிண்டரில் எரியாத கேஸும் காற்றும் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கானே உருகும் அளவுக்குச் சூடு ஏறும். பிளக்கையும் காயிலையும் பார்க்காமல் புதுக் கன்வெர்ட்டரைப் போட்டால் அதற்கும் அதே கதிதான். நான்கு பிளக், ஒரு காயில், அதற்குப் பிறகுதான் கன்வெர்ட்டர் மாற்றினோம்.

என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பெரும்பாலும் இப்படிச் சிலிண்டரில் கேஸ் எரியாமல் போகும் மிஸ்ஸிங்தான். அப்போது மேலே ஏறாதீர்கள். ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

அடைப்பு இல்லாமலும் பி0420 வரும். அப்போது ஸ்கேனரில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரின் வரைபடத்தையும் பார்க்கவேண்டும். பழைய வகை முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின் சென்சார் 0.6, 0.7 என்று அமைதியாக நிற்கவேண்டும். அதுவும் கூடவே ஆடினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வரலாம். ஆனால் அதற்கு முன், என்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இணைப்பை அடைக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும், குழாயின் வெல்டிங்கிலும் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சென்சாரை ஏமாற்றிவிடும். ஒரு சாதாரண கேஸ்கெட்டுக்காகக் கன்வெர்ட்டரையே மாற்றிய வண்டிகள் உண்டு.

ஆயில் குடிக்கும் என்ஜினும், ஹெட் கேஸ்கெட் வழியே கூலன்ட் கசியும் என்ஜினும் கன்வெர்ட்டரை மெல்ல மெல்ல மூடும். அந்தப் படிவம் எந்தத் திரவம் ஊற்றினாலும் போகாது. வெறும் கரி அடைப்பு மட்டும், காரணத்தைச் சரிசெய்து லோடோடு நீளமாக ஓட்டினால் சில சமயம் எரிந்து போகும். உருகியதற்கு மருந்தே கிடையாது.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. "உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்திரலாம், புல்லிங் சூப்பரா வரும்" என்று சொல்லிக் காலி டப்பாவை மாட்டி அனுப்புகிறார்கள். எடுத்த கட்டி விலைமதிப்பான உலோகத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது, ஓனருக்கு அதன் மதிப்பே தெரிவதில்லை. அடைப்பு போனதால் இழுவை வருகிறதே தவிர, என்ஜின் கோளாறு அப்படியே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு எரிக்கப்படாமல் அப்படியே வெளியே வருகிறது. அடியில் எங்காவது கசிந்தால் கேபினுக்குள்ளும் வரும், அதற்கு வாசனை கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, மாசு விதியை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது தட்டி எடுத்தவரல்ல, வண்டிக்காரர்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வாரண்டி இருக்கிறதா என்று முதலில் கம்பெனியில் கேளுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத கன்வெர்ட்டரில் உலோகப் பூச்சு குறைவாக இருக்கும், சீக்கிரமே அதே கோடு திரும்பும். கேஸ்கெட்டுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மேலே அம்புக்குறி இருந்தால் அது சைலன்சர் பக்கம் பார்க்கவேண்டும்.

ஏற்காடு ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. இருபது வளைவும் ஏறி வந்த வண்டியின் கன்வெர்ட்டர் கொதித்துக்கொண்டிருக்கும். பிப்ரவரி முதல் மழை வரும்வரை சேர்வராயன் மலையில் சருகு காய்ந்து கிடக்கும். அதன் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும், மிஸ்ஸிங் உள்ள வண்டியென்றால் இன்னும் சீக்கிரம். தோட்டத்தில் லோடு இறக்கும்போது மண் தரையிலோ சிமெண்ட் களத்திலோ நிறுத்துங்கள். வேறு இடமே இல்லையென்றால், அடியில் கிடக்கும் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு நிறுத்துங்கள்.