அதிகாலை இரண்டு மணிக்கு என்ன திகதி?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைநாள் பதியும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். கொழுந்து பகலில் வரும், மேல்மாடியில் பரப்பி இரவெல்லாம் வாடவிடுவார்கள், விடியுமுன்பே உருட்டும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அங்கே முக்கியமான வேலை நள்ளிரவுக்குப் பிறகுதான். 2023 ஜூலையில் ஒரு நாள், உருட்டும் பகுதியில் நிற்கிற அண்ணன் ஒருவர் சின்னக் கொப்பி ஒன்றோடு வந்தார்.

"தம்பி, ஒண்ணாந்தேதி விடிகாலை ரெண்டு மணிக்கு உள்ள போனேன். ஒங்க போன்ல முப்பதாந்தேதின்னு காட்டுது. முப்பதாந்தேதி பேரு எனக்கு ஏற்கனவே இருக்கு. அப்ப இந்தப் பேரு எங்க போச்சு?"

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. வேலைநாள் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். ஒருவருக்கு ஒரு திகதியில் ஒரு பேர்தான் என்று நான் செயலியில் விதி வைத்திருந்தேன். இரண்டாவதாக வந்ததை அது சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. அவருடைய கொப்பிதான் சரி, என் கணக்குத்தான் பிழை. ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு எப்படிக் காணாமற்போனது என்று தேடிப்போன கதைதான் இது.

செயலியை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் திகதியை வைத்திருக்கும் பொருளுக்கு டேட் என்று பெயர். பெயர் அப்படி இருந்தாலும், உள்ளே திகதி என்று எதுவும் இல்லை. ஆண்டு இல்லை, மாதம் இல்லை, கிழமை இல்லை, ஊரும் இல்லை. இருப்பது ஒரே ஓர் எண்: 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் கடந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. அந்தத் தொடக்கக் கணத்தில் ஹட்டனில் மணி காலை 5.30. அந்த அண்ணன் உள்ளே போன நேரம் 2.10 என்று வைத்துக்கொண்டால், செயலி பிடித்த எண் 1688157600000. கொழும்பில் இருந்து பார்த்தாலும் டொரொன்டோவில் இருந்து பார்த்தாலும் அந்தக் கணத்துக்கு அதே எண்தான். அதுவரை பிழை எதுவும் இல்லை.

எண்ணை மனிதர் வாசிக்கும் திகதியாக எழுதும் இடத்தில்தான் ஊர் உள்ளே வருகிறது. எந்த ஊர் மணிக்கூட்டின்படி எழுதுவது? ஜாவாஸ்கிரிப்ட் இரண்டே இரண்டைத்தான் இயல்பாக அறியும். ஒன்று, நிரல் ஓடும் கருவி எந்த நேரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அது. மற்றது உலகப் பொது நேரம். நான் 'இன்று என்ன திகதி' என்று அறிய டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற கட்டளையைக் கூப்பிட்டு, அது தரும் எழுத்துவரியின் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தேன். 2023-07-01 போல அழகாக வரும், அதனால் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டளை எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். ஜூலை 1 அதிகாலை 2.10 என்பது அங்கே ஜூன் 30 இரவு 8.40. அண்ணனின் பேர் முந்தின நாளுக்கு மட்டுமல்ல, முந்தின மாதச் சம்பளத்துக்கே போய்விட்டது.

இந்தப் பிழை பகலில் தலைகாட்டவே காட்டாது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை மட்டும் உயிரோடு இருக்கும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் விடிந்த பிறகுதான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வருவார்கள், அவர்கள் பேர் எல்லாம் சரியாக விழுந்தது. இரவு வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் நட்டம். யாரும் கொப்பி எழுதி வைக்காதிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

திருத்தம் சின்னது. கருவி எங்கே இருந்தாலும், எந்த ஊருக்காக எழுதுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்டல் என்ற பிரிவில் டேட்டைம்ஃபார்மட் என்று ஒன்று உண்டு. அதனிடம் நேரவலயம் 'ஏசியா/கொழும்பு' என்று கொடுத்தால், வாடகைச் சேவையகம் சிங்கப்பூரில் இருந்தாலும் இங்கத்தைய திகதியே வரும். கருவியின் அமைப்பை நம்பியிருந்தால், கைப்பேசியில் சரியாக வரும் கணக்கு சேவையகத்தில் பிழைக்கும். சேவையகங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்திலேயே ஓடுகின்றன.

எதிர்த்திசையில், எழுத்திலிருந்து எண்ணுக்கு வரும்போது இன்னொரு குழி இருக்கிறது. 2023-07-01 என்று திகதியை மட்டும் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேர நள்ளிரவாக எடுக்கும். அதாவது நமக்குக் காலை 5.30. அதே திகதிக்குப் பின்னால் டி என்ற எழுத்தும் 00:00 என்ற மணியும் சேர்த்தால், உள்ளூர் நள்ளிரவாக எடுக்கும். மணியைச் சேர்த்ததால் பொருளே ஐந்தரை மணித்தியாலம் நகர்கிறது. விதியில் எழுதியே இருக்கிற நடத்தைதான் இது, ஆனாலும் தெரியாதவர் கண்டுபிடிக்க மாட்டார். சாய்கோடு போட்டு 04/05/2024 என்று எழுதினால் இன்னும் மோசம். நாம் மே 4 என்று எழுதியதை உலாவி அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் 5 என்று வாசிக்கும். 13/04/2024 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் செல்லாத திகதி என்று கைவிரிக்கும். ஆக மாதத்தின் 13 ஆம் நாளிலிருந்துதான் பிழை வெளியே தெரியும், முதல் பன்னிரண்டு நாளும் கணக்கு ஓசையின்றிப் புரளும்.

மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதும் உண்டு: ஜனவரி 0, ஜூலை 6. 1995 இல் பிரெண்டன் ஐக் இந்த மொழியை முதலில் பத்தே நாளில் உருவாக்கியபோது, டேட் அமைப்பை ஜாவா மொழியிலிருந்து எடுத்தார்கள். ஜாவா அதில் பெரும்பகுதியை 1997 இலேயே பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டால் ஒதுக்க முடியவில்லை, கோடிக்கணக்கான வலைப்பக்கங்கள் அதன்மேல் நின்றன.

இனி ஒப்பிடுதல். இரண்டு டேட் பொருட்களை எது முந்தியது என்று < குறி போட்டுக் கேட்டால் சரியான விடை வரும். கழித்தாலும் சரி, இடையில் எத்தனை மில்லிசெக்கன் என்று வரும். ஆனால் இரண்டும் ஒன்றா என்று == போட்டுக் கேட்டால், உள்ளே ஒரே எண் இருந்தாலும் இல்லை என்றே சொல்லும். சம்பளச் சீட்டை நினைத்துப் பாருங்கள். எனக்கும் பக்கத்து லயத்துக்காரருக்கும் ஒரே தொகை அச்சடித்த இரண்டு சீட்டு. < என்பது தொகையைப் பார்க்கிறது. == என்பதோ இது அதே தாளா என்று பார்க்கிறது. தாள் வேறுதான். கெட்டைம் கட்டளையால் இரண்டின் எண்ணையும் வெளியே எடுத்து, எண்ணோடு எண்ணை ஒப்பிட்டால் தீர்ந்தது. கூட்டலில் இன்னொரு விசித்திரம்: இரண்டு டேட் பொருட்களைக் கூட்டினால் எண் வராது, இரண்டு நீண்ட எழுத்துவரிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் எல்லாத் திகதியும் ஒரு கணம் அல்ல. பிறந்தநாளுக்கு மில்லிசெக்கன் எதற்கு? நம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 1997 இல் பிறந்த பெண் ஒருவருக்கு அந்த மூன்று இலக்கம் 605 என்றால், 500 போக 105. டேட் பொருளிடம் 1997 ஜனவரியின் 105 ஆவது நாள் என்று கேட்டால் ஏப்ரல் 15 என்று சொல்லும். அவர் பிறந்ததோ ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று. காரணம், அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாள். மார்ச் 1 என்றைக்கும் 61 ஆவது நாள்தான். ஆகவே 2000 போன்ற ஒரு நெட்டாண்டை வைத்து மாதத்தையும் நாளையும் கண்டுபிடித்து, பிறகு பிறந்த ஆண்டை ஒட்டவேண்டும். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளை ஒரு நாள் தள்ளிப் பதிந்த படிவம், பிறகு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துப்போகாது. அதற்காக அவர் அலைய வேண்டியிருக்கும்.

நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு இப்போது வருகிறேன். இலங்கையில் மணிக்கூடு எப்போதும் ஐந்தரையில் நிற்கவில்லை. 1996 இல் மழை பொய்த்தது. அந்நாளில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம், அதில் பெரும் பங்கு லக்சபான, கொத்மலை, விக்டோரியா என்று நம் மலைகளிலிருந்தே போயிற்று. நீர்த்தேக்கங்கள் வற்றவே, மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே 25 அன்று நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். மலையகத்தில் மணி ஏழாகும்போதுதான் வெளிச்சம் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். பிறகு கிட்டத்தட்ட பத்து ஆண்டு, 2006 ஏப்ரல் 15 வரை, நாம் உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தோம். வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று இரண்டு ஓடின.

ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய, இன்று உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் 'ஏசியா/கொழும்பு' என்ற பெயரின் கீழ் வரிவரியாக இருக்கின்றன. வடக்கின் பழைய நேரத்துக்கு அங்கே தனிப்பெயர் இல்லை. இன்றைய உலாவிகள் அந்தத் தரவைப் பார்த்தே கணிக்கின்றன. கொழும்பு நேரத்துக்கு அமைத்த கருவியில் 1996 மே 25 நள்ளிரவு என்று ஒரு டேட் உருவாக்கிப் பாருங்கள், அதிகாலை 1 மணி என்று திரும்பி வரும். 12 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட மணித்தியாலம் அன்று இந்த நாட்டில் நிகழவே இல்லை.

இதனால் சேவைக்காலக் கணக்கும் கெடலாம். 1995 இல் சேர்ந்து 2003 இல் விலகிய தொழிலாளியின் நாட்களை, உள்ளூர் நள்ளிரவிலிருந்து உள்ளூர் நள்ளிரவு வரை கழித்து, நாளொன்றுக்கு 86,400,000 மில்லிசெக்கன் என்று வகுத்தால், அரை மணித்தியாலம் குறையும். பின்னத்தைக் கீழே வெட்டினால் ஒரு முழு நாள் போய்விடும். நாட்களை எண்ணும்போது இரண்டு திகதியையும் உலகப் பொது நேர நள்ளிரவாக வைத்துக் கழித்தால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மணிக்கூட்டை யாரும் தள்ளுவதில்லை.

சாதகம் கணிப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1996 க்கும் 2006 க்கும் இடையில் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது கல்யாண வயதில் நிற்கிறார்கள். 2001 இல் காலை 6.20 க்குப் பிறந்தவருக்கு உலகப் பொது நேரம் 0.20. இலங்கை என்றாலே ஐந்தரை என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கும் செயலி 0.50 என்று எடுக்கும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம், அரை மணித்தியாலத்தில் ஏழரைப் பாகை. ஒரு ராசி முப்பது பாகை. ராசியின் எல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கு லக்கினமே மாறிவிடும். சாதகத்தை நம்புகிறவர் நம்பாதவர் யாராக இருந்தாலும், தாய் சொன்ன நேரத்தைச் செயலி மாற்றக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

பழைய டேட் அமைப்பின் குறைகளைத் தீர்க்க டெம்போரல் என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. 2025 மே மாதம் வெளியான ஃபயர்பாக்ஸ் 139 உலாவியில் அது இயங்கத் தொடங்கியது. பிறந்தநாள் போன்ற வெறும் திகதிக்கு ஒரு வகை, கணத்துக்கு ஒரு வகை, ஊரோடு சேர்ந்த நேரத்துக்கு ஒரு வகை என்று அது பிரித்தே வைத்திருக்கிறது. ஜனவரி அங்கே 1. ஒன்றா என்று கேட்கத் தனிக் கட்டளையும் உண்டு.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. 2006 ஏப்ரல் 15 அன்று 12.30 ஆனதும் மணிக்கூட்டை மறுபடி 12.00 க்குக் கொண்டுபோனார்கள். அதனால் அன்று அதிகாலை 12.10 இரண்டு முறை வந்தது. முதலாவது உலகப் பொது நேரம் 18.10, இரண்டாவது 18.40. பழைய டேட் கேள்வியே கேட்காமல் முதலாவதை எடுத்துக்கொள்ளும். டெம்போரலிடமோ, இரண்டு பொருள் வரும் நேரம் என்றால் ஏற்காதே என்று சொல்லிவைக்கலாம், அது பிழை எழுப்பி நிற்கும். சாதகச் செயலி ஒன்றுக்கு அண்மையில் உதவியபோது அப்படித்தான் செய்தேன். அந்த அரை மணித்தியாலத்துக்குள், அல்லது 1996 ஒக்டோபர் 26 இன் முதல் அரை மணித்தியாலத்துக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் படிவத்தில் ஒரு மேலதிகக் கேள்வி தோன்றும்: "மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவதற்கு முன்பா, பிறகா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்."