உங்கள் கால் குட்டை இல்லை, ஐயா

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். இங்கே சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்திலிருந்து வந்திருந்தார், அறுபதைத் தாண்டியவர். உட்காருவதற்கு முன்பே ஐபோனை நீட்டினார். “நடையில சமச்சீரின்மை 3 விழுக்காடுன்னு காட்டுது டாக்டரம்மா. ஒரு கால் குட்டையாயிடுச்சா?” (நான் டாக்டர் இல்லை, பிசியோ, அதாவது உடலியக்கச் சிகிச்சை தருபவள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) மகன் இணையத்தில் வாங்கித் தந்த குதிகால் மெத்தையை வலது காலணிக்குள் வைத்து மூன்று வாரம் நடந்திருக்கிறார். இல்லாத இடுப்பு வலி வந்து சேர்ந்துவிட்டது.

அந்த 3 என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. போன் உங்கள் காலின் நீளத்தை அளக்கவே இல்லை. நடந்த நேரத்தில் நூற்றில் மூன்று பங்கு, ஒரு காலின் அடி மற்றதைவிட வேகமாகவோ மெதுவாகவோ விழுந்தது, அவ்வளவுதான். கால் 3 விழுக்காடு குட்டை என்று பொருளில்லை. 3 விழுக்காடு நோய் என்றும் இல்லை! போனை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த எண் மாறும். தேக்கா சந்தையில் ஐந்து கிலோ அரிசியை இடது கையில் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தால் யார் நடையும் கோணத்தான் செய்யும்.

நல்ல உடம்பிலேயே இரண்டு காலும் சரிநிகராக உழைப்பதில்லை. கால் நீளத்தில் சராசரியாக 5 மில்லிமீட்டர் வித்தியாசம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. 20 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை. கட்டிலில் படுக்கவைத்து, குதிகால்களைச் சேர்த்துப் பார்த்துக் ‘குட்டை’ என்று சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இடுப்பைக் கொஞ்சம் சாய்த்துப் படுத்தாலே ஒரு கால் நீண்டு தெரியும். நாங்கள் நாடா வைத்து இருமுறை அளந்தாலே இரண்டு எண் வருகிறது.

யாரும் அளந்து சொல்லாமல் ஒற்றைக் காலணிக்குள் எதையும் திணிக்காதீர்கள். தயவுசெய்து.

பயப்பட வேண்டியது மாற்றத்துக்குத்தான். முன்பு வீசி நடந்த ஒரு கை இப்போது உடம்போடு ஒட்டியே இருக்கிறதா, ஒரு பாதம் தரையில் ‘பட்பட்’டென்று அறைகிறதா, அடிக்கடி தடுக்கி விழுகிறீர்களா? பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். திடீரென்று ஒரு பக்கக் கால் இழுத்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அதே போனில் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

மெத்தையைக் கழற்றச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். வலி போய்விட்டதாம். “ஆனா இப்ப 4 காட்டுதே டாக்டரம்மா?”