கைவினைத் தம்பதியரும் கண்காட்சிக்கு முந்தைய மூன்று வாரங்களும்

கைவினைப் பொருள்கள் செய்து விற்கும் தம்பதியர் என்னிடம் சிகிச்சைக்கு வரும்போது, பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் முன்பதிவு இருக்கும். ஆனால் பரிசோதனை முடிவதற்குள் இருவருக்கும் தனித்தனிக் கோப்பு போட வேண்டியதாகிவிடும். கை, மணிக்கட்டு, முழங்கை வலிகளைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவராக இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரே மேசையில் வேலை செய்து, ஒரே வேனில் பயணம் செய்து, ஒரே வருமானத்தில் வாழும் இருவரும், தம் வலியைச் சொன்னால் வேலை நின்றுவிடுமே என்ற அச்சத்தில் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்கிறார்கள். அப்படி மறைத்த வலி என்னிடம் வந்து சேரும்போது, எளிதில் தீர்க்கக்கூடிய கட்டத்தைத் தாண்டியிருக்கிறது.

தோல் பைகளையும் பணப்பைகளையும் கையாலேயே தைத்து, ஊர் ஊராகக் கண்காட்சிகளுக்குக் கொண்டு சென்று விற்கும் ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்கிறேன். தைப்பது முழுவதும் மனைவி. தோலை வெட்டுவது, ஓரங்களை உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்டிகளில் அடுக்குவது, வேன் ஓட்டுவது எல்லாம் கணவர். மனைவிக்கு வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன என்பதற்காக வந்திருந்தார்கள். மேசைமேல் அவர் வைத்த கையில், சுண்டுவிரலின் ஓரத்தில் மெழுகு நூல் அழுந்திய இரண்டு கோடுகளும், உள்ளங்கையில் குத்தூசியின் பிடி உண்டாக்கிய காய்ப்பும் இருந்தன. கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு இன்னும் வற்றவில்லை என்பதைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரவில் தூக்கம் எப்படி என்று கேட்டேன். நன்றாகத்தான் தூங்குகிறேன் என்றார்.

"இல்லை டாக்டர், மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்" என்றார் கணவர். மனைவி உடனே அவர் பக்கம் திரும்பி, "இவர் மட்டும் என்ன, ஒரு மாதமாகத் தண்ணீர்ப் பாத்திரத்தை இடது கையால்தான் தூக்குகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்" என்றார். ஐந்து நிமிடத்தில் இரண்டு நோய்களுக்கான முக்கியமான தடயங்கள் கிடைத்துவிட்டன. இரண்டையும் சொன்னது நோயாளி அல்லர், பக்கத்தில் இருந்தவர்.

இரவில் எழுந்து கையை உதறுவது, எங்கள் துறையில் கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தின் நம்பகமான அறிகுறிகளுள் ஒன்று. மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே உள்ள குறுகிய பாதையில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்கள்) மீடியன் நரம்பும் நெருக்கிக்கொண்டு செல்கிறது. மணிக்கட்டு நேராக இருக்கும்போது அங்கே அழுத்தம் மிகக் குறைவு. மடங்கினாலும் பின்னுக்கு வளைந்தாலும் அழுத்தம் ஏறுகிறது. தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால்தான், பகலில் அடங்கியிருந்த மரப்பு நள்ளிரவில் எழுப்பிவிடுகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துச் சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால் இந்த நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடக்க நிலையில், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் சில வாரங்கள் அணிவதே பலருக்கு நல்ல பலன் தருகிறது. மரப்பு பகலிலும் விடாமல் நீடித்தாலோ, பிடித்த பொருள் நழுவி விழுந்தாலோ, கட்டைவிரலடிச் சதை வற்றினாலோ காத்திருக்கக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனையும் அறுவை மருத்துவரின் கருத்தும் தேவைப்படும்.

நோயாளியிடம் மற்றக் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்" என்றும் கேட்க வேண்டும் என்று, தொழில்நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி வலியுறுத்தினார். கைவினைஞர்களிடம் நான் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கிறேன்: கடைசியாகக் கலந்துகொண்ட கண்காட்சி எப்போது, அடுத்தது எப்போது? அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து, வலி தொடங்கிய நாளையும் பக்கத்தில் எழுதினால், காரணம் பெரும்பாலும் கண்முன்னே வந்து நிற்கிறது. இவர்கள் சாதாரண நாள்களில் நான்கைந்து மணி நேரம் தைப்பவர்கள். கண்காட்சிக்கு முந்தைய மூன்று வாரங்களில் அது பதினொன்று, பன்னிரண்டு மணி நேரமாக ஏறியிருந்தது. கடைசி இரவு முழுவதும் பெட்டி கட்டும் வேலை, விடியற்காலையில் பயணம், இறங்கியவுடன் ஸ்டால் அமைத்தல், மூன்று நாள் கடினமான தரையில் நிற்றல், திரும்பும் பயணம், வந்த மறுநாளே கண்காட்சியில் பெற்ற ஆர்டர்கள். ஓய்வு என்று சொல்லத்தக்க ஒரு நாளும் இந்தச் சுற்றில் இல்லை.

கைத்தொழில் செய்பவர்களின் கை கெட்டுப்போவது இயல்புதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அளவாக வேலை செய்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். உடலைக் கெடுப்பது திடீரென்று இரட்டிப்பாகும் வேலை நேரம். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம், ஆகவே புதிய சுமைக்கு அது சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாண் அதைவிட மெதுவாகப் பழகும். அதனால் பலம் வந்துவிட்டதாகத் தோன்றும் வேளையில் தசைநாண் பின்தங்கியிருக்கிறது. அவசரமும் விற்பனையின் உற்சாகமும் வலியை மறக்கச் செய்வதால், கண்காட்சி முடிந்த பிறகுதான் அது முழுவதுமாகத் தெரிகிறது. ஓய்வெடுத்ததால்தான் வலி வந்தது என்று தவறாகக் கணக்கிட்டு, மறுபடியும் வேலையில் இறங்குபவர்களும் உண்டு.

ஆகவே மருந்தையும் பயிற்சியையும் பேசுவதற்கு முன்பே நான் கேட்டுக்கொள்வது, கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னதாகத் தயாரிப்பை முடித்துக்கொள்ளும் ஒரு தேதியை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள் என்பதைத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு புதிய பொருள் தொடங்கக் கூடாது. பெட்டி கட்டுவது, விலைச்சீட்டு ஒட்டுவது, பழுது பார்ப்பது போன்ற இலகுவான வேலைகள் மட்டும் நடக்கலாம். எண்பது பைகளுக்குப் பதில் அறுபது பைகளோடு போக வேண்டியிருக்கும் என்று அந்தக் கணவர் தயங்கினார். அவரது தயக்கம் நியாயமானது. ஸ்டால் வாடகையும் பயணச் செலவும் அறுபது பைகளுக்காகக் குறையப்போவதில்லை. ஆனால் தைக்கும் கை மூன்று மாதம் நின்றுபோனால், வெட்டும் கைக்கும் ஓட்டும் கைக்கும் வேலை இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இருக்கும் மருத்துவ விடுப்பு இவர்களுக்கு இல்லாதபோது, அந்த இருபது பைகளின் கணக்கை ஆண்டு முழுவதற்குமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலைப் பங்கீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்கு எது நேர்த்தியாக வருகிறதோ அதை அவரே செய்வது என்று தொடக்கத்தில் முடிவாகி, பிறகு அது மாறுவதே இல்லை. அவர் தைத்தால் தையல் கோணிவிடும் என்கிறார் மனைவி, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தையலுக்கு முன் துளையிடுவதும், நூலில் மெழுகு ஏற்றுவதும், தைத்த பின் முடிச்சைத் தட்டி அமர்த்துவதும் தையலின் நேர்த்தியைக் கெடுக்காமல் மற்றவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். இப்படி மாற்றிக்கொண்டாலே ஒரே அசைவில் கை சிக்கியிருக்கும் நேரம் கணிசமாகக் குறையும். இடையிடையே அரை நிமிடம் கருவியைக் கீழே வைத்து விரல்களை விரித்து நீட்டுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மறந்துவிடுபவருக்கு எதிரே அமர்ந்திருப்பவர் நினைவூட்டலாம்.

கணவருக்கு இருந்தது முழங்கையின் வெளிப்புற வலி. டென்னிஸ் எல்போ என்று பெயர் பெற்றிருந்தாலும், டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்கும் தசைநாண், முழங்கையில் எலும்போடு இணையும் இடத்தில் நலிவதே இதன் காரணம். தடித்த தோலை வெட்ட இறுக்கிப் பிடிக்கும் பிடியும், உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கப் பெட்டிகளைத் தூக்கும் முறையும் அந்த இடத்தைத்தான் தாக்குகின்றன. ஊசி போட்டு உடனே சரி செய்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிவாரணம் தரும், ஆனால் ஓராண்டு கழித்துப் பார்க்கையில் ஊசி போடாதவர்களே நல்ல நிலையில் இருந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சியும், தூக்கும் முறையை மாற்றுவதும் மெதுவான வழிதான். இருந்தாலும் நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

தூக்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் கணக்கீட்டு முறையில், எல்லாம் சாதகமாக அமைந்தால்கூட ஒருவர் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 23 கிலோ. சுமை உடலையொட்டி, கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் இது பொருந்தும், 50 செ.மீ. தள்ளிப் போனால் அளவு சரிபாதியாகி 11.5 கிலோவாகக் குறைகிறது. வேனின் உள்மூலையில் இருக்கும் பெட்டியைக் கையை நீட்டி இழுத்துத் தூக்கும் கணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டு தூக்கினால் அளவு இன்னும் குறையும். அதிலும், பல மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு இறங்கிய உடனே பெட்டியைத் தூக்குவதுதான் முதுகுக்கு ஆபத்தான நேரம். ஐந்து பத்து நிமிடம் நடந்த பிறகு தூக்கினால் என்ன தாமதமாகிவிடப் போகிறது? நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணங்களில், கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதால், வழியில் இறங்கி நடப்பது கால்களுக்கும் தேவை.

பசையைப் பற்றிய எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. தோலை ஒட்டும் சிலவகைப் பசைகளில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் இதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த காலணித் தொழிலாளர்களுக்கு நரம்புகள் நலிந்து, கை கால்கள் மரத்துப்போன நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் நன்கு பதிவானவை. மரப்பு இரு பாதங்களிலும் தொடங்கி இரு கைகளுக்கும் பரவினால் அது மணிக்கட்டுப் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு; நரம்பியல் மருத்துவரிடம் பசை டப்பாவையோ அதன் லேபிளின் படத்தையோ கொண்டு போய்க் காட்டுங்கள். வேனிலேயே இரவு தங்குபவர்கள் பசை டப்பாக்களோடு ஒரே அடைப்புக்குள் தூங்கக் கூடாது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டோ அடுப்பை எரியவிட்டோ தூங்குவது உயிரையே பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். இருவரும் ஒன்றாகத் தூங்கும்போது எழுப்புவதற்கும் ஆளிருக்காது.

மற்றத் தொழில்களுக்குத் தூசியே பெரும்பகை. மண்பாண்டம் செய்பவர்கள் உலர்ந்த களிமண் தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். மரத்தூளையும் தோல் தூளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது என்பதால், ஓரங்களைத் தேய்க்கும்போது தூசி வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம், துணிக்கவசம் போதாது. ஈயம் கலந்த பற்றவைப்பைச் சமையல் மேசையில் செய்யும் நகைக் கைவினைஞர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உடனே நிறுத்த வேண்டும்.

அந்தத் தம்பதியர் மூன்று மாதத்துக்குப் பிறகு, இடையில் ஒரு கண்காட்சியை முடித்துவிட்டு வந்தார்கள். மனைவிக்கு நடுவிரல் நுனியில் மட்டும் லேசான மரப்பு மீதியிருந்தது. கணவரின் பிடிவலிமை இடது கைக்குச் சமமாக இன்னும் வரவில்லை. பெரிய அட்டைப்பெட்டிகளைக் கைவிட்டு, இருபுறமும் பிடியுள்ள சிறிய பெட்டிகளுக்கு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதன் எடையை அவர் தடித்த பேனாவால் எழுதியிருந்ததைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினார். எதுவும் பத்துக் கிலோவைத் தாண்டவில்லை. வழக்கம்போல மனைவியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். "இந்த மாதத்தில் இரண்டே தடவைதான் எழுந்தாள், டாக்டர்" என்றார் அவர்.