மூன்று தேத்தண்ணியும் ஓர் அரைவாழ்வுக்காலமும்

ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பு. உயர்தர மாணவர்களுக்கு அரைவாழ்வுக்காலம், அதாவது ஒரு பொருளின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், படிப்பித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பின் படிப்புக்குக் கிடைக்கும் உதவிப்பணம் அறை வாடகையோடு கரைந்துவிடும். மிச்சச் செலவுக்கு ரியூசன்தான். அயடீன்-131க்கு 8 நாள், காபன்-14க்கு 5,730 ஆண்டு என்று பலகையில் எழுத, பின்வாங்கில் கொட்டாவி. உதாரணத்தை மாற்றினேன்.

"தேத்தண்ணியில இருக்கிற கஃபீனுக்கும் அரைவாழ்வுக்காலம் இருக்கு, கிட்டத்தட்ட 5 மணித்தியாலம். நான் நேற்று பின்னேரம் 4 மணிக்கு, 7 மணிக்கு, இரவு 10 மணிக்கு எண்டு மூண்டு தேத்தண்ணி குடிச்சன். கோப்பைக்கு 40 மில்லிகிராம் எண்டு வையுங்கோ. நடுச்சாமத்தில எவ்வளவு மிச்சம்?"

கணக்கு ஓடியது. முதற்கோப்பையில் 13, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 30. மொத்தம் 63 மில்லிகிராம். விடிய 5 மணிக்கு அதில் பாதி, 32.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி நிமிர்ந்தாள். "மிஸ், அப்ப நீங்கள் விடிய எழும்பி ஒண்டும் குடிக்க முதலே முக்கால் கோப்பை உள்ளுக்க நிக்குதே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். காலி வீதியால் நடந்து அறைக்குத் திரும்பும்போதுதான் சிரிப்பு அடங்கியது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் மாதக்கணக்காக நகராததற்கு நான் என் மேற்பார்வையாளரை, கணினியை, கொழும்பின் புழுக்கத்தை எல்லாம் குற்றம் சாட்டியிருக்கிறேன். தேத்தண்ணிக் கோப்பையை ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

கஃபீன் நமக்குச் சக்தி தருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். தருவது சீனி. கஃபீன் செய்வது களைப்பை மறைக்கும் வேலை மட்டும். மூளைக் கலங்கள் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, அடினோசின் என்ற பொருள் அங்கே சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய வாங்கிகளில், அதாவது கலங்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், போய் அமரும்போது மூளையின் விழிப்பு மெல்லத் தணிந்து கண் சொக்கும். தூங்கத் தூங்க அடினோசின் குறையும். சுவிற்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் தூக்கத்தை இரண்டு விசைகளாகப் பிரித்துச் சொன்னார்: ஒன்று விழித்திருக்கும் நேரத்தோடு ஏறும் தூக்க அழுத்தம், மற்றது உடலின் நாட்கடிகாரம். அந்த முதல் விசைக்குப் பின்னால் நிற்கும் முக்கிய ஆள் அடினோசின்.

கஃபீனின் உருவம் அடினோசினைச் சற்று ஒத்தது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் கரையோர ரயிலுக்கு நிற்கிறவர்கள் யன்னலால் பையை எறிந்து சீற் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பை இருக்கையை அடைத்துக்கொள்ளும், ஆனால் அது பயணி அல்ல. கஃபீனும் அப்படித்தான். வாங்கியில் போய்க் குந்தும். களைப்புச் செய்தியைக் கொடுக்காது. உண்மையான பயணிகளான அடினோசின்கள் நடைபாதையில் நிற்கும், ஏறிக்கொண்டும் இருக்கும். ஈரலில் உள்ள நொதியம் பைகளை ஒவ்வொன்றாக அகற்ற அகற்ற, நின்றவர்கள் இடிபட்டு அமர்வார்கள். மத்தியானம் திடீரென்று தலை மேசையில் சாய்வது அதனால்தான்.

அந்த நொதியத்தின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புகைப்பவர்களில் அது விரைவு. கர்ப்பிணிகளில் நன்றாக மந்தம். ஆகவே 5 மணித்தியாலம் என்பது ஒரு சராசரிதான். "நான் கோப்பி குடிச்சுப்போட்டும் நல்லா நித்திரை கொள்ளுவன்" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் நித்திரை வருவது வேறு, ஆழ்ந்த நித்திரை வேறு. கஃபீன் ஆழ்நித்திரையை அரித்துவிடும். தூங்கியவருக்கு அது தெரியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணித்தியாலம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. 400 என்பது நம் கோப்பையில் பத்து. அவ்வளவு நான் குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. விரத நாட்களில் மத்தியானம் வரும் தலையிடிக்குப் பசியைத்தான் எல்லோரும் பழி சொல்வோம். பாதி வழக்கு தேத்தண்ணியுடையது. கஃபீன் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அது நின்றுபோனால் குழாய்கள் விரியும், தலை இடிக்கும். கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது வழக்கம். இதற்காகவே ஒரேயடியாக நிறுத்தக்கூடாது.

நான் நிறுத்தவில்லை, நேரத்தைத்தான் மாற்றினேன். காலை 6, 10, மத்தியானம் 2. அதே மூன்று கோப்பை, அதே 120 மில்லிகிராம். நடுச்சாமத்துக் கணக்கு 63இலிருந்து 19க்கு இறங்கியது. முதல் வாரம் பின்னேரம் 4 மணிக்குக் கை தானாகவே கோப்பையைத் தேடியது.

கஷ்டம் வீட்டுக்கார அன்ரியோடுதான். இரவு 10 மணிக்குக் கதவு தட்டினால் சாயம் கூடின பிளேன் தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியுமாக நிற்பா. படிக்கிற பிள்ளைக்கென்று போட்டதை நான் வேண்டாம் என்று சொன்னால் அவவுக்கு மனம் நோகும். அடினோசின் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா.

"சரி பிள்ளை, அப்ப மல்லித்தண்ணி போட்டுத் தாறன்."

மல்லியில் கஃபீன் இல்லை. பனங்கட்டி அப்படியே வருகிறது.