நூறு கிலோவாட்டைக் காற்றில் ஏற்றும் வேலை

கேரளத்தின் வண்டிப்பெரியாறு பக்கத் தேயிலைத் தோட்டங்களில், மேட்டு லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) எடுக்கும் எஃப்.எம். அதே எஸ்டேட்டின் பள்ளத்து லயத்தில் எடுக்காமல் போகும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு குன்று வந்தால் அதோடு சரி. சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) அந்தக் கவலை கிடையாது, அது மேலேயிருந்து இறங்குகிறது. தரையிலிருந்து 250, 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து வைத்திருக்கும் அயனி மண்டலம், சிற்றலைகளை வளைத்துப் பூமிக்கே திருப்பிவிடும். மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியே இல்லை.

பீர்மேடு, மூணாறு தோட்டங்களில் பழைய ரேடியோ வைத்திருந்த தமிழர்களுக்கு மணிலாவின் வேரித்தாஸும் சீஷெல்ஸ் தீவின் ஃபீபாவும் பழக்கமான கிறிஸ்தவ வானொலிகள். ஃபீபா 2003-இல் சீஷெல்ஸ் நிலையத்தை மூடியது. வேரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டது. ஆனால் கிறிஸ்தவச் சிற்றலை முழுக்க ஓய்ந்துவிடவில்லை. சீஷெல்ஸ் மூடிய அதே 2003-இல்தான், ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதியில் குனுனுரா என்ற சிற்றூருக்கு வெளியே, எச்.சி.ஜே.பி. ஆஸ்திரேலியா என்ற கிறிஸ்தவ மிஷன் வானொலி ஆசியாவை நோக்கி ஒலிபரப்பத் தொடங்கியது.

இப்படிப்பட்ட நிலையங்களில் 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் (ஒலிபரப்புக் கருவி) புதிதாக வந்து இறங்கினால், அதைப் பொருத்துபவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன், வெல்டர், குழாய் வேலை தெரிந்தவர் என்று பலரும் வந்து தங்கி வேலை செய்வார்கள். வானொலிப் பொறியியல் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஏனென்றால் நூறு கிலோவாட்டை உண்டாக்குவதைவிட, அதைச் சேதாரமில்லாமல் வெளியே அனுப்புவதும், வெளியே போகாமல் உள்ளே நின்றுவிட்டதைச் சமாளிப்பதும்தான் பெரும்பாடு.

உள்ளே நிற்பது முக்கியமாக வெப்பம். கடைசிக் கட்டத்தில் இன்றும் பீங்கானும் உலோகமும் சேர்ந்த பெரிய வால்வுதான் (வெற்றிடக் குழல்) பல இடங்களில் வேலை செய்கிறது. ஆன்டெனாவுக்குப் போகாத கிலோவாட்டுகள் அதன் ஆனோடில் (நேர்மின் முனையில்) சூடாகத் தேங்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும். ஆனால் அந்த ஆனோடு பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்திவிடும். ஆகவே உப்பெல்லாம் நீக்கிய சுத்த நீர், மின்சாரம் கடத்தாத நீளமான ஹோஸ்கள், நீரின் தூய்மையைச் சதா அளந்துகொண்டிருக்கும் மீட்டர் என்று ஒரு முழுக் குழாய் அமைப்பே தேவைப்படுகிறது. ஒரு மூட்டு கசிந்தாலும் கருவி தானாக நின்றுவிடும். குழாய் வேலைக்காரர் அங்கே எவ்வளவு முக்கியம் என்பது இதில் விளங்கும்.

அடுத்தது குரலை அலையில் ஏற்றுவது. பழைய கருவிகளில் இதற்கு டன் கணக்கில் எடையுள்ள எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 1980-களில் வந்த முறை வேறு. சில நூறு வோல்ட் தரும் சிறு மின்வழங்கிகள் டஜன் கணக்கில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். தராசில் படிக்கற்களை ஏற்றி இறக்குவதுபோல, பேசுபவரின் குரல் ஏறும்போது கூடுதல் பெட்டிகள் சேரும், தணியும்போது விலகும். ஒன்றிரண்டு பழுதானால் ஒலிபரப்பு நிற்காது என்பது இதன் பெரிய வசதி. 100 கிலோவாட் என்பது பேச்சில்லாத நேரத்து அளவு மட்டுமே. குரல் உச்சத்தைத் தொடும் கணத்தில் அது 400 கிலோவாட் வரை போகும். இன்சுலேட்டர், கெபாசிட்டர் எல்லாம் அந்தக் கணத்தைத் தாங்க வேண்டும்.

வெளியாட்கள் வியப்பது எர்த் வேலையைப் பார்த்துத்தான். கம்பி போடாமல் அகலமான செம்புப் பட்டைகளைத் தரையெங்கும் பாவுவார்கள். பத்து மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.02 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே பெரும்பாலும் ஓடும். தடித்த கம்பியின் உள்பகுதி வீண், அகலம்தான் உதவும்.

எல்லாம் பூட்டியதும் நேராக ஆன்டெனாவுக்கு இணைத்துவிட மாட்டார்கள். முதலில் டம்மி லோடு. வரும் சக்தியையெல்லாம் விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும் பெரிய மின்தடை அது. அங்கே சரியாக ஓடினால்தான் அடுத்த கட்டம். அப்போது திரும்பி வரும் அலை என்ற தொல்லை தொடங்கும். டிரான்ஸ்மிட்டரின் வெளிவாயின் மின்மறுப்பு பெரும்பாலும் 50 ஓம். ஆன்டெனாவுக்குப் போகும் இரட்டைக் கம்பிப் பாதை 300 ஓம். நடுவில் பொருத்தம் தப்பினால் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும். போவதும் வருவதும் கூடும் இடங்களில் மின்னழுத்தம் எகிறி, தீப்பொறி பாயும். பாதுகாப்புச் சுற்று மில்லி செகண்டுகளில் இதை உணர்ந்து அணைத்தாக வேண்டும். அணைத்த பிறகும் கதவைத் திறந்து உடனே கை வைக்கக் கூடாது. கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை எர்த் கொக்கியால் தொட்டு இறக்கிய பிறகுதான் எதையும் தொடலாம். எத்தனை வருட அனுபவசாலிக்கும் இதில் சலுகை இல்லை.

ஆன்டெனாவின் முனைகளும் வம்பு செய்யும். 1931-இல் ஈக்வடாரின் கீட்டோவில் தொடங்கிய எச்.சி.ஜே.பி.யின் தாய் நிலையம் ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரத்தில் இருந்தது. மெல்லிய காற்று எளிதில் மின்சாரத்துக்கு இணங்கிவிடும். அதனால் ஆன்டெனாக் குழாய்களின் நுனியில் மின்கசிவு ஏற்பட்டு, நுனியே உருகியது. 1940-களின் தொடக்கத்தில் அங்கிருந்த பொறியாளர் கிளாரன்ஸ் மூர், நுனியே இல்லாத சதுர வளைய ஆன்டெனாவை வடிவமைத்தார். ‘குவாட்’ என்று உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் கட்டுவது அதைத்தான். ஒரு மிஷனின் தலைவலியில் பிறந்த வடிவம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

சரி, கிளம்பிய அலை இங்கே எப்படி வருகிறது? குனுனுராவிலிருந்து வண்டிப்பெரியாறு சுமார் 6,300 கிலோமீட்டர். அயனி மண்டலத்தில் ஒரே தாவலில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் எட்டுவது கடினம். ஆக இரண்டு தாவல் வேண்டும். கணக்குப்படி நடுவில் சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி ஒருமுறை கீழே பட்டு எழும். அதனால்தான் அங்கே ஆன்டெனாவை, அலை அடிவானத்துக்குச் சற்று மேலாகத் தாழக் கிளம்பும்படி அமைக்க வேண்டியிருக்கிறது.

இறங்கும் இடத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு வெகு அருகில் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததே இந்தக் கோட்டின் மேலுள்ள அயனி மண்டலத்தை ஆராயத்தான். மீனவர்களின் மகதலேனா மரியாள் ஆலயம்தான் விஞ்ஞானிகளுக்கு முதல் அலுவலகமானது. இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்ததும் மேலடுக்கு சட்டென்று உயர்ந்து, எலெக்ட்ரான் குறைந்த குமிழ்கள் கிளம்பும். அலை பல வழியாகச் சிதறி வந்து, ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் குரலைப் படபடக்க வைக்கும். ரேடியோவைத் தட்டிப் பயனில்லை. வீட்டு எல்.இ.டி. பல்பும் மலிவான சார்ஜரும் போடும் இரைச்சல் வேறு கதை. அதை நாமே அணைக்கலாம்.

குனுனுராவின் மீட்டர்களில் இது எதுவும் தெரியாது. எனவேதான் நிலையங்கள் நேயர்களின் வரவேற்பு அறிக்கையைக் கேட்டு வாங்குகின்றன. வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலைப்பாதையின் நிலை, மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். எதிலும் ஐந்துதான் சிறந்த நிலை. மாலை ஏழரைக்கு வண்டிப்பெரியாறிலிருந்து 54423 என்று போனால், நான்காவது எண்ணைப் பார்த்ததும் பொறியாளர் கருவியைத் திறக்க மாட்டார். நேரத்தையோ அலைவரிசையையோ மாற்றிப் பார்ப்பார். இரண்டாவது எண் இறங்கினால், அதே அலைவரிசையில் இன்னொரு நிலையம் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முதல் எண் பல ஊர்களிலிருந்தும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தால் மட்டுமே ஆன்டெனாவையும் கம்பிப் பாதையையும் சோதிக்கக் கிளம்புவார்கள்.